இடது பக்க ஸ்பீக்கர்

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், நான் கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்த முதல் கோடையில் நடந்தது இது. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. கணவருக்கு வேலை ஓசூரில். மாதத்தில் ஓரிரு முறை வந்து போவார். அதனால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் மூன்று பேர்தான். மாமனார், மாமியார், நான்.

மாமனாரும் அதே தொழிற்பேட்டையில்தான் பல வருடம் உழைத்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சம்மட்டி அடித்து வடிவமாக்குகிற கூடத்தில் அவருக்கு வேலை. ஆலை மூடியபோது கையில் வந்ததை வைத்துப் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் பழைய மாடல். வெள்ளை நிறம். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் நாஷ்டா சாப்பிடுவார். பிரசவம், பெண் பார்ப்பது, விமான நிலையம் என்று எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். பழைய கார் என்றாலும் கல்யாண மாப்பிள்ளைகள் அதில் உட்காரத்தான் ஆசைப்பட்டார்கள்.

நான் போனபோது அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அத்தை அவரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. தட்டை டக்கென்று வைப்பார். சமையலறையிலிருந்து சுவரைப் பார்த்து ஏதாவது குத்திச் சொல்வார். மாமா பதிலே சொல்ல மாட்டார்.

"பாத்தியா, கல்லு மாரி குந்தினு கீறாரு," என்பார் அத்தை என்னிடம்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது காரணத்தையும் அவரே சொன்னார். ஸ்டேஷன் தெருவில் ஒரு குடும்பம், மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போக வண்டி பேசியிருக்கிறது. போய் வந்த மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் வந்து நின்றாராம்.

"'உன் ஊட்டுக்காரரு ரோட்டப் பாத்து வண்டி ஓட்டறாரா, கண்ணாடில பொம்பளைங்களப் பாத்துகினு ஓட்டறாரா'ன்னு கேட்டாம்மா. வழி பூரா எங்க மூஞ்சியவே பாத்துகினு வந்தாருன்னா. அக்கம்பக்கம் எல்லாம் கேட்டுகினு நிக்குது. என் தலைய எங்க கொண்டுபோயி வெச்சிக்கறது?"

"மாமா என்ன சொன்னாரு அத்தை?"

"இன்னா சொல்வாரு? வாயே தொறக்கல. தப்பு பண்ணாதவன் கத்துவான் இல்ல? இந்தாளு துணிய எடுத்துகினு வண்டிய தொடைக்கப் பூட்டாரு."

எனக்கு அவரைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் வந்து சில மாதமே ஆன மருமகள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அடுத்த தெருவிலிருந்து ஒரு சவாரி வந்தது. குழந்தைக்கு முதல் மொட்டை, திருப்பதிக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பணும் என்றார்கள். போகும் வழியெல்லாம் பெருமாள் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பெரியவரின் ஆசை. வண்டியில் பாட்டுச் சத்தம் கரகரவென்று இருக்கிறது, அதைச் சரி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா என்னிடம் வந்தார். "ஏம்மா, லெப்ட் சைடு ஸ்பீக்கரு செத்துப் பூடுச்சு. நீதான் படிச்சிருக்கியே, இன்னான்னு பாக்கறியா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சனிக்கிழமையே சென்னை போய் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மதில் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நான் எதையும் வரிசைப்படுத்திக்கொண்டு செய்பவள். தேவையான சாமான்களை ஒரு துணியில் பரப்பி வைத்தேன். ஸ்க்ரூ டிரைவர், அரம், ஒயர், டேப், மீட்டர், ஒரு பென்சில் பேட்டரி. அந்தக் காரில் ஸ்பீக்கர்கள் பின் சீட்டுக்குப் பின்னால், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் பதித்திருக்கும். கழற்ற வேண்டுமானால் டிக்கியைத் திறந்து உள்ளே படுத்துத்தான் கை நீட்ட வேண்டும்.

நான் பாதி உடம்பு டிக்கிக்குள்ளே இருந்தபோது எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு மாமாவின் எதிரே வந்து நின்றார்.

"இன்னா நைனா, மருமவள டிக்கில போட்டு எங்க கடத்திகினு போற?"

"கடத்தறனா? அது என் மெக்கானிக்கு யா. உன் சைக்கிள வேணா வுட்டுட்டுப் போ, அதுக்கும் ஸ்பீக்கர் வெச்சுத் தரும்."

இருவரும் சிரித்தார்கள். மாமா சிரித்து நான் கேட்டது அன்றுதான். வீட்டுக்குள் பேசாத மனிதர் தெருவில் இவ்வளவு பேசுகிறாரே என்று டிக்கிக்குள் படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.

பழைய ஸ்பீக்கர்களை வெளியே எடுத்தேன். இரண்டிலும் கூம்புக் காகிதம் வெயில் பட்டு மொறமொறத்துப் போயிருந்தது. ஆனால் விளிம்பு கிழிந்திருந்தது வலது பக்கத்தில். இடது பக்கம் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் பென்சில் பேட்டரியின் ஒயரைத் தொட்டு எடுத்தால், உயிருள்ள ஸ்பீக்கராக இருந்தால் கூம்பு ஒரு துள்ளு துள்ளும், கரக் என்று சத்தம் வரும். மாமா செத்துப்போனதாகச் சொன்ன இடது ஸ்பீக்கர் நன்றாகத் துள்ளியது.

சரி, ஒயரில் கோளாறு என்று நினைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒயர் நன்றாக இருந்தது. அப்படியானால் பாட்டுப் பாடும் கேசட் செட்டில்தான் இருக்க வேண்டும். இடது பக்க ஒயரை வலது ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்த்தேன். கிழிந்த ஸ்பீக்கர் கரகரவென்று பாடியது. எங்குமே கோளாறு இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று புது ஸ்பீக்கர்களை எடுத்தேன். பலகையின் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கி, அதிராமல் இருக்க அடியில் ரப்பர் வைத்து, கூட்டல் கழித்தல் பார்த்து இணைத்து முடித்தேன்.

மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டார். பாட்டு துல்லியமாக வந்தது. பின்கதவுக்கு வெளியே நின்று கேட்ட எனக்கே பெருமையாக இருந்தது. அவர் முன்னால் பார்த்தபடி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார்.

"ரைட்டு சூப்பரு. லெப்ட்டு இன்னும் வர்லியே மா."

நான் தலையை உள்ளே விட்டு இடது ஸ்பீக்கரில் காது வைத்தேன். மணி மாதிரி ஒலித்தது. செட்டில் சத்தத்தை இடதுபக்கமோ வலதுபக்கமோ மட்டும் திருப்புகிற குமிழ் ஒன்று உண்டு. அதை முழுக்க இடது பக்கம் திருப்பச் சொல்லி சைகை காட்டினேன். திருப்பினார். பாட்டு முழுவதும் இடது ஸ்பீக்கருக்கு வந்தது.

"பாரு, சுத்தமா நின்னுபூட்ச்சு," என்றார் மாமா.

பாட்டு என் காதுக்குப் பக்கத்தில் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

பழுது தேடும்போது செட், ஒயர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் எனக்குச் சொல்லித் தரப்பட்ட முறை. கேட்கிற ஆளை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. நானும் அதுவரை சேர்க்கவில்லை.

பாட்டை நிறுத்தச் சொன்னேன். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாதாரணக் குரலில், "மாமா, தண்ணி வேணுமா?" என்றேன். ஒரு நொடி கழித்து, "வேணாம் மா," என்றார். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. நான்தான் ஏதோ தப்பாக யோசித்துவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன்.

டிரைவருக்கு முன்னால், மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி. பின்னால் வரும் சாலையைப் பார்ப்பதற்காக இருப்பது. அது கீழே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் சாலை தெரியவே இல்லை. என் முகம் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் கண்கள் தெரிந்தன.

நான் வியர்வையைத் துடைப்பதுபோலத் துண்டால் வாயை மூடிக்கொண்டேன். அதே குரலில், "மாமா, வண்டிய எடுத்து உள்ள விடலாமா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. கண்ணாடியில் அவர் கண்கள் என் துண்டின் மீதே நின்றன. நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக இன்ஜின் சாவியைத் திருப்பி எடுத்தார். பிறகு உடம்போடு திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து மாமா?"

"லெப்ட்டு ஃபேக்டரில இருக்கச்சியே பூடுச்சு. ரைட்டு கொஞ்சம் கொஞ்சமா போய்கினு கீது." குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "சம்மட்டி வுழுந்துகினே இருக்கும் மா. அங்க யாருக்கு யாரு பேசறது கேக்கும்? எல்லாரும் வாயப் பாத்துதான் பேசிக்குவோம். மேஸ்திரி திட்டுனாகூட வாயப் பாத்தாதான் திட்டறான்னே தெரியும்."

கண்ணாடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"பின்னாடி குந்திகினு இங்க நிறுத்து, அந்தாண்ட திரும்புன்னு சொல்வாங்க. ஒவ்வொரு வாட்டியும் திரும்பித் திரும்பிப் பாத்தா வண்டி எப்டி ஓட்றது?"

"அத்தைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? பொம்பளையப் பாக்கறான்னு சொன்னா ரெண்டு ஊடு கூப்புடாது. செவுடன்னு தெரிஞ்சா ஊரே கூப்புடாது மா."

அவர் இதைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும், கேட்காதவன் என்ற பெயரைவிட இந்தப் பெயரே பரவாயில்லை என்று அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நாளைக்குத் திருப்பதி போகணும் மாமா," என்றேன்.

"போவேன். நான் ஏறாத மலையா?"

"வளைவுல பின்னாடி வர்ற பஸ் ஹாரன் அடிச்சா? கண்ணாடிலயும் ரோடு தெரியலையே."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கு முழுசாகப் புரிந்தது. கதவைத் திறந்தார். இறங்கும்போது, "உங்க அத்தகிட்ட சொல்லாத மா," என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

நான் சரி என்று சொல்லவில்லை. சாமான்களைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மொட்டை போடப்போகும் அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். அதன் அம்மா தண்ணீர் பிடிக்க வரும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்களுக்குப் பின்னால் வரும் பஸ் ஒன்று, எங்கோ ஒரு வளைவில் ஹாரன் அடிக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. கணவருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அவர் என்ன சொன்னாலும் அவர் தலையில் பொறுப்பைப் போட்ட மாதிரி ஆகும். போன் போடவில்லை. அத்தை சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அத்தை நம்பவில்லை. "போம்மா. யாராச்சும் எதிர்ல நின்னு பேசினா டக்கு டக்குன்னு பதில் சொல்றாரு. காது கேக்காதாமே."

"எதிர்ல நின்னா தெரியும் அத்தை. பின்னாடி நின்னு பேசிப் பாருங்க."

அத்தை கையைக்கூடத் துடைக்கவில்லை. கூடத்துக்குப் போனார். மாமா வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவருக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எங்கள் வீடுகளில் அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். அத்தை தெளிவாகச் சொன்னார். இரண்டாவது முறை இன்னும் உரக்கச் சொன்னார். வெளியே நாய் ஒன்று திரும்பிப் பார்த்தது. மாமா அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தையின் கையிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கையைக் கழுவினார், வேறு புடவை கட்டிக்கொண்டார். "வா," என்றார் என்னிடம்.

முதலில் அடுத்த தெருவுக்குப் போனோம். "வேற வண்டி பேசிக்கோங்க. எங்க ஊட்டுக்காரருக்குக் காது கேக்காது," என்றார். அவர்கள் திகைத்து ஏதோ கேட்பதற்குள் அங்கிருந்து நடந்துவிட்டார். நேராக ஸ்டேஷன் தெரு. பரீட்சைக்குப் போன பெண்ணின் அம்மா வாசல் கேட்டருகே வந்தார்.

"அவரு உங்கள அசிங்கமாப் பாக்கல," என்றார் அத்தை. அவசரத்தில் மூச்சு வாங்கியது. "நீங்க பேசறதப் பாத்தாரு. அவருக்குக் காது கேக்காது. வாயப் பாத்துதான் தெரிஞ்சுக்குவாரு. அதுக்குத்தான் கண்ணாடி."

அந்தம்மாள் வருத்தப்படுவார், குறைந்தது ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்தது.

"காது கேக்காதவரா எங்கள ஏத்திகினு ஹைரோட்ல போனாரு? லாரியா வர்ற ரோட்ல? எம் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்பீங்க?"

அவர் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. சற்று முன் காருக்குள் நான் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த கேட்டுக்கு வெளியே அத்தை நின்ற விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பழியைத் துடைக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டு, "ஆமா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமா எங்கள் முகத்தைப் பார்த்தார். முகம் படித்தே பழகியவருக்கு அது போதும். கார் சாவியை எடுத்து சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். என்னைத் திட்டவில்லை.

காருக்குள் அவர் சொன்னது அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஒருவர்கூட வண்டிக்குக் கூப்பிடவில்லை. சென்னையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பரிசோதனை செய்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். மேலே தொடங்கிய கோடு சரிந்து சரிந்து கீழே போயிருந்தது. வேலையில் எத்தனையோ வரைபடங்கள் பார்த்தவள் நான். டாக்டர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். காதுக்கு ஒரு மிஷின் வாங்கினோம். தெருவில் போகும் எல்லாச் சத்தமும் சேர்ந்து தலைக்குள் கொட்டுகிறது, சம்மட்டிக் கூடத்துக்கே திரும்பப் போன மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கொஞ்ச நாளிலேயே அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

அத்தை மாறிவிட்டார். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். "மீன் கொழம்பு வெச்சிருக்கேன். துன்றியா?" என்பார். மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். முகத்தைத் திருப்பிவிட்டால் அவரிடம் எந்தப் பேச்சும் போய்ச் சேராது. அத்தை எழுந்து அவர் திரும்பிய பக்கம் போய் உட்கார்வார். அவர் கண்ணை மூடிக்கொள்வார். என்னிடமும் அப்படித்தான். முன்பு அத்தை பேசாமலிருந்த வீட்டில், பிறகு மாமா பேசாமலிருந்தார். வருடங்கள் போன பிறகு சாப்பாடு, மாத்திரை, பேரப்பிள்ளை என்று கொஞ்சம் பேச்சு வந்தது. தெருவில் எதிர்வீட்டுக்காரரோடு அடித்த அரட்டை மட்டும் வரவே இல்லை.

காரைக் கும்மிடிப்பூண்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கிளம்பும் முன் பாட்டைப் போட்டுப் பார்த்து, "சவுண்டு ஷோக்கா கீது, யார் போட்டது?" என்று கேட்டார். மாமா அப்போது வாசற்கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் குழந்தை வேறு வண்டியில் திருப்பதி போய் மொட்டை அடித்துக்கொண்டு நல்லபடியாக வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கும் வயது அதற்கு. மாமா ஓட்டியிருந்தாலும் நல்லபடியாகவே வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. நின்றுபோன கார் மட்டும்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்தது சரி என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நம்புவதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டேன்.